கடைசிப் பதினாறு பக்கம்

பாராட்டை யாரும் சரிபார்ப்பதில்லை. யாராவது திட்டினால் மட்டும்தான் விசாரணை வைக்கிறோம். எந்த அர்த்தத்தில் சொன்னார், அந்த ஆளுக்கு ஏற்கெனவே நம்மேல் கோபம் ஏதாவது உண்டா என்றெல்லாம் நாலு பேரிடம் கேட்காமல் தூக்கம் வருவதில்லை. புகழ்ந்தாலோ அப்படியே வாங்கி உள்ளே வைத்துக்கொள்கிறோம்.

நான் ஒரு தமிழ் நாளிதழின் பெங்களூர்ப் பதிப்பில் இருபது வருடம் உதவி ஆசிரியராக இருந்தவள். மந்திரி தும்மினார் என்று நிருபர் எழுதினால்கூட, பக்கத்தில் யார் இருந்தார்கள், அவர்களும் கேட்டார்களா என்று விசாரித்த பிறகே அச்சுக்கு அனுப்புவேன். அப்படிப்பட்ட நான் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, நீலசந்திராவில் ஒரு டியூஷன் சென்டரில் உட்கார்ந்துகொண்டு, ஊரே கூடி என்னைப் புகழ்ந்ததை ஒரு கேள்வியும் கேட்காமல் வாங்கிக்கொண்டேன். (ஊர் என்றால் இருபத்தைந்து பேர். துப்பறியும் நாவல் எழுதுகிறவளுக்கு அது மாநாடு.)

அப்போது நான் வேலையை விட்டு ஒரு வருடத்துக்கு மேல் ஆகியிருந்தது. இனி நாவல் எழுதியே காலம் தள்ளுவது என்று தீர்மானம். முதல் இரண்டு நாவல்கள் வெளிவந்தது எனக்கும் அச்சகத்துக்கும் மட்டுமே தெரிந்த ரகசியமாக இருந்தது. மூன்றாவது நாவல் 'லிஃப்ட் நின்ற தளம்'. என் பதிப்பாளர் குணசேகரன் சென்னைக்காரர், ஒளிவுமறைவு இல்லாதவர். "இது ஓடினா அடுத்த ரெண்டையும் நானே போடறேன் மேடம். ஓடலன்னா நாம நல்ல நண்பர்களா இருப்போம்" என்று சொல்லியிருந்தார்.

நண்பராக இருப்பதன் மறுபக்கம் பொம்மசந்திராவில் காத்திருந்தது. என் கணவர் சுந்தரின் அத்தை மகன் அங்கே ஒரு பம்ப் செட் தொழிற்சாலையில் பெரிய பொறுப்பில் இருந்தார். தொழிலாளர்களுக்காக மாதம் ஒரு தமிழ்ப் பத்திரிகை நடத்துகிறார்களாம், அதற்கு ஆசிரியர் வேண்டுமாம், திங்கட்கிழமைக்குள் நான் பதில் சொல்ல வேண்டுமாம். மாதிரிக்கு ஒரு இதழும் கொடுத்து அனுப்பியிருந்தார். அட்டைப்படக் கட்டுரை: 'மழைக்காலத்தில் மோட்டார் பராமரிப்பு: நம் கடமை'. எங்கள் வீடு ஸ்ரீராம்புரத்தில். அங்கிருந்து பொம்மசந்திரா போவதென்றால் ஊரின் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்குப் போய், அதற்கு மேலும் போக வேண்டும். பஸ்ஸில் போய்வரும் நேரத்தில் ஒரு நாவலையே எழுதிவிடலாம், உட்கார இடம் கிடைத்தால்.

ஆகவே அந்த ஞாயிற்றுக்கிழமைதான் தீர்ப்பு நாள். நீலசந்திரா வாசகர் வட்டம் என் நாவலை மொத்தமாக வாங்கிப் படித்திருந்தது. கலந்துரையாடலுக்கு நான் வருகிறேன். வாசகர்கள் என்ன சொல்கிறார்கள் என்று தன் காதால் கேட்க குணசேகரனும் வருகிறார். திங்கட்கிழமை நான் பேனா பிடிப்பதா பம்ப் பிடிப்பதா என்று அங்கே தெரிந்துவிடும்.

நாவலைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பைக் கட்டியவர் அதே குடியிருப்பின் லிஃப்டுக்குள் செத்துக் கிடக்கிறார். சந்தேகப்பட நாலு பேர்: மனைவி, டாக்டர், வாட்ச்மேன், மேனேஜர். மேனேஜர் அன்று வேலூரில் ஒரு கல்யாணத்தில் முந்நூறு பேர் முன்னால் பந்தி பரிமாறிக்கொண்டிருந்தார். எனவே அவர் இல்லை. ஆனால் அவர்தான். கல்யாணத்தில் பரிமாறியது அவருடைய இரட்டைச் சகோதரன்! கடைசி அத்தியாயத்தில் இன்ஸ்பெக்டர் இதை எல்லாரையும் உட்கார வைத்துப் பதினாறு பக்கம் விளக்குகிறார். நடுவில் ஒரு தடவை தண்ணீர் குடிக்கிறார்.

கையெழுத்துப் பிரதியைப் படித்த சுந்தர் அப்போதே சொன்னார். "எல்லாம் நல்லா இருக்கு வசந்தி. கடைசி அத்தியாயம் மட்டும்... ரெட்டைப் பிறவின்னா யாரு நம்புவாங்க?"

"ஏன், ஊர்ல ரெட்டைப் பிறவியே இல்லையா?"

"ஊர்ல இருப்பாங்க. உன் கதையில அதுவரைக்கும் இல்லையே. திடீர்னு கேஸ் சிலிண்டர் மாதிரி வந்து நிக்கறான்."

அதற்குப் பிறகு இரண்டு நாட்கள் எங்களுக்குள் கேஸ் சிலிண்டர் பற்றிக்கூடப் பேச்சு இல்லை. கடைசி அத்தியாயம் அப்படியே அச்சுக்குப் போனது.

டியூஷன் சென்டர் ஒரு மளிகைக் கடையின் மாடியில் இருந்தது. எட்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்காகச் செய்த பெஞ்சுகளில் பெரியவர்கள் முழங்காலை மடக்கித் திணித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். கரும்பலகையில் அல்ஜீப்ரா. அதை அழிக்க மனமில்லாமல், மிச்சமிருந்த மூலையில் என் பெயரைச் சின்னதாக எழுதியிருந்தார்கள். அறையின் நடுவே ஒரு பருத்த தூண். முன்வரிசையில் எனக்கும் குணசேகரனுக்கும் இரண்டு பிளாஸ்டிக் நாற்காலி. சுந்தர் வழக்கம்போலக் கடைசி பெஞ்சில், குடையை மடியில் வைத்துக்கொண்டு.

வட்டத்தின் தலைவர் மரியதாஸ் சார், ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார். பள்ளிக்கூடத்திலிருந்து வரும்போது பிரிய மனமில்லாமல் கொண்டுவந்த பித்தளை மணி ஒன்று அவர் கையில் இருந்தது. அதை ஒரு தட்டு தட்டிவிட்டு விதிகளைச் சொன்னார்.

"ஆளுக்கு மூணு நிமிஷம். புதுசா வந்தவங்க இன்னிக்குக் கேட்டுக்குங்க, அடுத்த தடவை பேசலாம். எல்லாரும் பேசி முடிக்கற வரைக்கும் எழுத்தாளர் வாயைத் திறக்கக் கூடாது. இன்னும் படிக்காதவங்க ரெண்டு மூணு பேர் இருக்காங்க, அதனால கொலகாரன் யாருன்னு யாரும் சொல்லக் கூடாது. சொன்னா பெல் அடிப்பேன். மறுபடி சொன்னா டீ கிடையாது."

"சார், டீ போன தடவையே கிடையாதே" என்றது ஒரு குரல்.

"அதான் போன தடவை எல்லாரும் சொல்லிட்டீங்களே."

ஆரம்பிப்பதற்கு முன் நான் கூட்டத்தை ஒரு பார்வை பார்த்தேன். பத்திரிகைப் பழக்கம்: யார் வந்திருக்கிறார்கள், யார் கையில் என்ன இருக்கிறது என்று மனதில் குறித்துக்கொள்வேன். தூணுக்கு இடப்பக்கம் மூன்றாவது பெஞ்சில் நீலச் சட்டை போட்ட ஒருவர், தடித்த மீசை, மடியில் என் புத்தகம். புதியவர், முகத்தில் ஆவல். கொஞ்ச நேரத்தில் அவரே தூணுக்கு வலப்பக்கம் தண்ணீர் கேன் அருகில் பழுப்புச் சட்டையோடு நின்றார். டீயைச் சட்டையில் கொட்டிக்கொண்டிருப்பார், வீடு பக்கத்தில்தான் போலிருக்கிறது, போய் மாற்றிக்கொண்டு வந்துவிட்டார் என்று ஊகித்தேன். (இந்த மாதிரி விஷயம் என் கண்ணிலிருந்து தப்பாது.)

முதலில் பேசியது தபால் ஆபீசில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற ஒரு அம்மாள். "நான் சின்ன வயசுலேர்ந்து துப்பறியும் கதை படிக்கறவ. பாதியிலயே ஆளைக் கண்டுபிடிச்சிருவேன், கடைசி அத்தியாயம் படிக்கறதே இல்ல. இந்தப் புக்குல அந்த முடிவு இருக்கே மேடம், படிச்சு முடிச்சு மூடி வெச்சுட்டு அப்படியே உக்காந்துட்டேன். குக்கர் விசில் காதுல விழல."

நான் திரும்பி, கடைசி பெஞ்சைப் பார்த்தேன். சுந்தர் குடையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அடுத்தது மென்பொருள் வேலை பார்க்கும் இளைஞர். "அந்த எண்டிங், சான்ஸே இல்ல மேடம். எங்க டீம்ல மூணு பேருக்குப் படிக்கக் குடுத்தேன். மூணு பேரும் இப்ப பேசிக்கறதில்ல."

மறுபடி திரும்பிப் பார்த்தேன். இந்த முறை சுந்தர் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார். பந்தயத்தில் தோற்ற மனிதரின் முகம். குணசேகரன் என் பக்கம் சாய்ந்து, "முடிவுதான் மேடம் பேசுது" என்றார். பம்ப் செட் மெல்ல மெல்லத் தூரத்தில் போய்க்கொண்டிருந்தது.

அதற்கடுத்து ஒரு கல்லூரிப் பேராசிரியர் எழுந்தார். "கடைசியில ஒரு மௌனம் வருது பாருங்க. எழுத்தாளர் எதையும் விளக்கல. நம்ம கையில குடுத்துட்டு அவங்க பாட்டுக்கு ஒதுங்கிடறாங்க. இதுக்குப் பெரிய துணிச்சல் வேணும்."

மௌனமா? என் இன்ஸ்பெக்டர் ரேஷன் கடை வரிசையைப் போல நீளமாகப் பேசுகிறவர். கொலைக்கு முன் மேனேஜர் என்ன சாப்பிட்டார் என்பது வரை சொல்லியிருக்கிறார். லேசாக உறுத்தியது. ஆனால் பேராசிரியர்கள் இப்படித்தான் பேசுவார்கள், ஆழமான அர்த்தத்தில் ஏதோ சொல்கிறார் என்று சமாதானம் செய்துகொண்டு, ஆழமாகத் தலையாட்டினேன்.

பியூட்டி பார்லர் நடத்தும் ஒரு பெண்மணி எழுந்ததும்தான் வந்தது வினை. "எனக்கு அந்த டாக்டர்தான்னு..."

மணி அடித்தது. "பேர் சொல்லக் கூடாது!"

"பேர் எங்க சார் சொன்னேன்? டாக்டர்னுதானே சொன்னேன்?"

"டாக்டரா?" என்றார் தபால் ஆபீஸ் அம்மாள். "அது எப்படிம்மா? செத்தவர் சம்சாரம்தானே?"

மணி.

"ஆன்ட்டி, சொல்ப யோசிங்க. வாட்ச்மேன்கிட்டதானே லிஃப்ட் சாவி இருக்கு?" இது மென்பொருள் இளைஞர்.

மணி, மணி. மரியதாஸ் சார் தீயணைப்பு வண்டி மாதிரி அடித்துக்கொண்டே இருந்தார். யாரும் பேச்சை நிறுத்தவில்லை. அந்தக் களேபரத்தில் எனக்கு மட்டும் வியர்த்தது. பதினாறு பக்கம் கொலைகாரனை ஊரறிய அறிவித்த புத்தகத்தைப் படித்துவிட்டு இவர்கள் ஏன் இன்னும் தேடிக்கொண்டிருக்கிறார்கள்?

பின்னால் இருந்தவரிடம் ஒரு பிரதியை வாங்கிக் கடைசிப் பக்கத்தைத் திறந்தேன். பக்கம் 208. அதற்குப் பிறகு பின்னட்டை. கடைசி வரி இது: 'இன்ஸ்பெக்டர் கதவைத் திறந்தார். உள்ளே உட்கார்ந்திருந்தவரைப் பார்த்தபோது அவருக்கு ஆச்சரியம் எதுவும் ஏற்படவில்லை.'

பக்கம் 209லிருந்து 224 வரை காணோம். புத்தகத்தைப் பதினாறு பதினாறு பக்கமாக அச்சடித்து, மடித்து, அடுக்கி, தைப்பார்கள். ஒவ்வொரு மடிப்புக்கும் ஃபாரம் என்று பெயர். பெங்களூருக்கு வந்த கட்டுகளில் கடைசி ஃபாரத்தை வைக்க பைண்டர் மறந்துவிட்டார். இருபது வருடம் செய்தி நீளம் என்று மற்றவர்களின் கடைசிப் பத்தியைக் கீழிருந்து வெட்டியவள் நான். என்னை ஒருவர் கேட்காமலே வெட்டியிருக்கிறார். அதைவிடக் கொடுமை, அந்தக் கடைசி வரி நன்றாக இருந்தது. வேறு யாரோ எழுதியது போல நன்றாக இருந்தது.

பிரதியைக் குணசேகரனிடம் நீட்டினேன். புரட்டினார். முகம் வெளுத்தது. கூட்டத்தைப் பார்த்தார். முகத்தில் மெல்ல ரத்தம் ஏறியது.

"மேடம், பைண்டரை நான் பாத்துக்கறேன்" என்றார் காதோடு. "நீங்க இதைப் பத்தி மூச்சு விடாதீங்க."

"சார், மிச்சக் கதை..."

"மிச்சமே வேணாம்! இங்க ஒருத்தருக்கு டாக்டர், ஒருத்தருக்கு வாட்ச்மேன். எல்லாரும் சந்தோஷமா இருக்காங்க. நீங்க வேணும்னே இப்படி முடிச்சதாவே இருக்கட்டும். அடுத்த ரெண்டு நாவலும் நம்மகிட்டதான். இப்பவே கை குடுக்கறேன்."

கொடுத்தார். நானும் கொடுத்தேன்.

எழுத்தாளர் பேசலாம் என்று மணி அடித்தது. அடக்கமாக நாலு வார்த்தை சொல்லிவிட்டு உட்கார்ந்திருக்கலாம். ஆனால் பொய் சொல்லப் பழகாதவர்கள் பொய் சொல்லும்போது அளவு தெரியாமல் அள்ளிப் போட்டுவிடுவார்கள். நான் மௌனத்தின் அழகைப் பற்றிப் பேசினேன். வாசகரை நம்ப வேண்டும் என்றேன். கதையை விளக்குவது வாசகருக்கு ஊட்டிவிடுவது போல என்றேன். பேராசிரியர் கண்ணை மூடிக்கொண்டு ரசித்தார். அந்த உற்சாகத்தில் இதையும் சொன்னேன்:

"சிலர் என்ன பண்ணுவாங்க? கடைசியில அவனுக்கு ஒரு ரெட்டைச் சகோதரன் இருந்தான்னு சொல்லி முடிச்சுடுவாங்க. அதெல்லாம் எழுதத் தெரியாதவங்க பண்ற வேலை."

கைதட்டல். கடைசி பெஞ்சில் சுந்தருக்கு இருமல் வந்து, குடை கீழே விழுந்தது.

கைதட்டல் ஓய்ந்ததும் மூன்றாவது பெஞ்சு நீலச் சட்டைக்காரர் கை தூக்கினார். டீக்கறைச் சட்டையைத் துவைத்து உலர்த்தி மறுபடி போட்டுக்கொண்டுவிட்டார் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். (சத்தியமாக அப்படித்தான் நினைத்தேன்.)

"மேடம், என் பேரு அன்பு. பொம்மசந்திரால வேல பண்றேன். புதுசா வந்திருக்கேன், பேசலாமான்னு தெரியல. கேள்வி கேக்கலாமா சார்?"

"கேள்வின்னா கேக்கலாம்" என்றார் மரியதாஸ் சார்.

"ரெட்டைப் பிறவி வர்ற கதை எழுதத் தெரியாதவங்க எழுதறதுன்னு சொன்னீங்க. அப்ப என் புக்குல இருக்கற கடைசிப் பதினாறு பக்கத்த யாரு மேடம் எழுதினது?"

புத்தகத்தைத் தூக்கிக் காட்டினார். மற்றவர்கள் வைத்திருந்ததைவிட ஒரு நூல் தடிமன் கூடுதலாக இருந்தது. அறை அப்படியே அமைதியானது. நான் அரைமணி நேரமாகப் புகழ்ந்துகொண்டிருந்த அந்த மௌனம் இப்போது நேரிலேயே வந்துவிட்டது.

குணசேகரன்தான் முதலில் சுதாரித்தார். "சார், அது திருட்டுப் பதிப்பா இருக்கும். இப்ப இப்படி நிறைய வருது. அவங்களே ஏதாவது எழுதிச் சேர்த்துடறாங்க."

அன்புவின் முகம் சிவந்தது. "திருட்டுப் பதிப்பா? போன மாசம் மாமியார் வீட்டுக்கு மெட்ராஸ் போனப்ப உங்க கடையிலதான் சார் வாங்கினேன். நீங்கதான் பில் போட்டீங்க. துணிப்பை கேட்டதுக்கு ஒரு புக்குக்கெல்லாம் பை கிடையாதுன்னீங்க. என் தம்பியும் கூட இருந்தான். டேய் அருள், வந்து சொல்லுடா!"

தண்ணீர் கேன் பக்கத்திலிருந்து பழுப்புச் சட்டைக்காரர் தூணைச் சுற்றிக்கொண்டு வந்து அண்ணன் பக்கத்தில் நின்றார். அதே மீசை. அதே மூக்கு. அதே சிவந்த முகம்.

"ஆமா சார்" என்றார் அருள். "பை குடுக்கலையே."

அறையில் இருந்த ஒவ்வொருவரும் அன்புவைப் பார்த்து, அருளைப் பார்த்து, என்னைப் பார்த்தார்கள். இருபது வருடம் மந்திரியின் தும்மலைச் சரிபார்த்தவள், கண்ணெதிரே இருந்த இரண்டு ஆளை ஒருவராக எண்ணி, அவருக்குச் சட்டை வேறு மாற்றிவிட்டிருக்கிறேன்.

குணசேகரன் விடவில்லை. "இல்ல சார், கடையில எப்படியோ போலி கலந்திருக்கும், நீங்க அறியாம..." என்று தொடர்ந்தார். கூட்டம் அன்புவைக் கொஞ்சம் சந்தேகமாகப் பார்க்க ஆரம்பித்தது. பக்கத்தில் இருந்தவர் சற்று நகர்ந்துகூட உட்கார்ந்தார். அந்த மனிதர் என் புத்தகத்தை மார்போடு அணைத்துக்கொண்டு நின்றார். நான் கடைசி பெஞ்சைப் பார்த்தேன். சுந்தர் இப்போது குடையையும் பார்க்கவில்லை, ஜன்னலையும் பார்க்கவில்லை. என்னைத்தான் பார்த்தார்.

பம்ப் செட் ஹாரன் அடித்துக்கொண்டு திரும்பி வருவது காதில் கேட்டது.

"அது நான் எழுதினதுதான்" என்றேன். "உங்க புக்குலதான் பைண்டர் விட்டுட்டார். எனக்கே இப்பதான் தெரியும். நான் மௌனமா முடிக்கல. பதினாறு பக்கம் பேசியிருக்கேன். நீங்க பாராட்டினதால வேணும்னே பண்ணதா சொல்லிட்டேன். அன்பு வெச்சிருக்கறதுதான் முழுப் புத்தகம்."

குணசேகரன் என் கையை விட்டார். அதுவரை பிடித்திருந்தார் என்பதே அப்போதுதான் தெரிந்தது.

"அப்ப யாரும்மா கொலகாரன்?" என்றார் தபால் ஆபீஸ் அம்மாள்.

மணியடிக்கப் போன மரியதாஸ் சார் கையை இறக்கினார். அவருக்கும் தெரிய வேண்டியிருந்தது. "தம்பி, நீங்களே சொல்லுங்க" என்றார் அன்புவிடம்.

அன்பு சொன்னார். என் கடைசி அத்தியாயத்தை ஒருவர் அத்தனை பிரியமாகச் சொல்லி நான் அதற்கு முன்னும் கேட்டதில்லை, பின்னும் கேட்டதில்லை. இந்தூரில் வளர்ந்த தம்பியைச் சொன்னார். வேலூர்க் கல்யாணத்தைச் சொன்னார். "அண்ணன் ஃபோன் பண்ணி 'எனக்குப் பதிலா நீ போய் நில்லு'ங்கறான். அவன் ஏன் எதுக்குன்னு ஒரு வார்த்தை கேக்கல சார். ரயிலேறி வந்து முந்நூறு பேருக்கு சாம்பார் ஊத்தறான். அங்க நான் அழுதுட்டேன்."

"நீ ஏன் அழமாட்ட?" என்றார் அருள். "கொல பண்ணது அண்ணன். ஜெயிலுக்குப் போறது ரெண்டு பேரும். சாம்பார் ஊத்தினதுக்கு ஏழு வருஷம்! மேடம், இதுல என்ன நியாயம்?"

"நீயா இருந்தா வரமாட்டியா?"

"எதுக்குன்னு கேப்பேன்டா. கேட்டுட்டுதான் ரயிலேறுவேன்."

முதலில் பியூட்டி பார்லர் பெண்மணி சிரித்தார். அப்புறம் பேராசிரியர். அதற்கப்புறம் யார் சிரிக்கவில்லை என்று குறிப்பெடுப்பது சுலபமாக இருந்தது: அன்பும் நானும்.

"என்ன இருந்தாலும் ரெட்டைப் பிறவின்னா நம்பறா மாதிரி இல்லியே" என்றார் தபால் ஆபீஸ் அம்மாள், எதிரே நின்ற இரண்டு பேரையும் மாறிமாறிப் பார்த்துக்கொண்டே.

மரியதாஸ் சார் மணி அடித்தார். "ஓட்டுக்கு விட்டுடலாம். விட்டுப்போன பக்கம் எல்லாருக்கும் வேணும்னா பதிப்பாளர் வேற காப்பி குடுத்தாகணும். வேணும்கறவங்க கை தூக்குங்க."

அன்பு தூக்கினார். நான் தூக்கினேன். மணி அடித்தது. "எழுத்தாளருக்கு ஓட்டு கிடையாது."

"வேணாம்கறவங்க?"

மொத்த அறையும் தூக்கியது. அருளும் தூக்கினார். கடைசி பெஞ்சில் ஒரு குடை உயர்ந்தது. சுந்தர் அந்த வட்டத்தில் உறுப்பினரே இல்லை. அவருக்கு மட்டும் மணி அடிக்கவில்லை என்பதைக் கவனித்தேன்.

கூட்டம் கலைந்து நாங்கள் படியிறங்கியபோது, பம்ப் பராமரிப்பு பற்றி முதல் தலையங்கம் எப்படி ஆரம்பிக்கலாம் என்று யோசித்துக்கொண்டிருந்தேன். கீழே மளிகைக் கடை வாசலில் குணசேகரன் பாதாம்பால் குடித்துக்கொண்டு நின்றார். முகம் மலர்ந்திருந்தது. ஒரு பிரதியைக்கூட யாரும் திருப்பிக் கேட்கவில்லை. கேட்க மாட்டோம் என்று ஓட்டுப் போட்டு வேறு உறுதி செய்திருக்கிறார்கள். எந்தப் பதிப்பாளருக்கும் வாய்க்காத நாள்.

"அடுத்த ரெண்டும் நம்மகிட்டதான் மேடம்" என்றார். "ஒரே ஒரு கண்டிஷன். புக்கு எங்க முடியணும்னு நான் சொல்வேன்."

ஒரு பக்கம் கத்தரிக்கோலுடன் ஒரு மனிதர். இன்னொரு பக்கம் தினமும் ஓசூர் ரோட்டில் பொம்மசந்திரா பஸ். திங்கட்கிழமை காலை பம்ப் செட் கம்பெனிக்கு மரியாதையாக ஒரு வரி எழுதி அனுப்பிவிட்டேன். 'லிஃப்ட் நின்ற தளம்' இரண்டாம் பதிப்பு 208 பக்கத்தோடு வந்தது. அந்த வருடத் தீபாவளிக்குக் குணசேகரன் பைண்டருக்கு ஸ்வீட் பாக்ஸ் அனுப்பியதாகக் கேள்வி. எனக்கு நாட்காட்டி வந்தது.

அதற்குப் பிறகும் நான் ஒவ்வொரு நாவலுக்கும் கடைசி அத்தியாயம் எழுதிக்கொண்டுதான் இருந்தேன். குணசேகரன் தவறாமல் அதை எடுத்துவிடுவார். எடுத்ததை நான் ஃபோனில் ஒரே ஒருவருக்கு, அன்புவுக்கு, அனுப்புவேன். அவருடைய தம்பி அருள் நீலசந்திராவில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறார். அங்கே பிரிண்ட் எடுத்து, என் புத்தகத்தின் பின்னட்டைக்கு முன்னால் ஒட்டிக்கொள்வாராம் அன்பு. ஒட்டிக்கொடுப்பது அருள்தான். படிப்பதில்லை என்கிறார், ஆனால் எழுத்துப் பிழைகள் மட்டும் எப்படியோ எனக்கு வந்துசேர்கின்றன.

போன வருடம் ஒரு நாவலை முடித்தபோது எனக்கு ஞானம் பிறந்தது. வெட்டப் போகிற அத்தியாயத்தை எதற்கு எழுத வேண்டும்? எழுதாமல் விட்டேன். புத்தகம் வந்த வாரம், மத்தியானம் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது அன்பு கூப்பிட்டார். கையில் தயிர்சாதம். மகள் கயல் ஸ்பீக்கரில் போட்டுவிட்டாள்.

"மேடம், புக்கு படிச்சுட்டேன். அது இன்னும் வரலியே?"

"இந்தத் தடவை எழுதல அன்பு."

"பர்வாகில்ல மேடம். வாயால சொல்லுங்க போதும். யாரு?"

"எனக்கே தெரியாது. வாசகர்தான் முடிவு பண்ணணும்."

மறுமுனையில் ஓடிக்கொண்டிருந்த ஏதோ இயந்திரத்தை அவர் நிறுத்துவது கேட்டது. அப்புறம் அவர், கோபமே இல்லாமல், கல்யாணத்துக்குக் கூப்பிட மறந்த சொந்தக்காரரிடம் கேட்பது போலக் கேட்டார்:

"என்கிட்டயுமா மேடம்?"

சாப்பிட்ட கையோடு உட்கார்ந்து யோசித்து, கதையில் வரும் டிரைவர்தான் என்று சொன்னேன். "எனக்கும் அவன் மேலதான் ஒரு கண்ணு இருந்துச்சு" என்றார், நிம்மதியாக.

அன்றிலிருந்து எங்கள் வீட்டில் எதையும் மறைக்க முடிவதில்லை. கயல் யாருடன் சினிமாவுக்குப் போகிறாள் என்று சொல்லாவிட்டால் சுந்தர் கேட்கிறார். சுந்தர் மிக்சர் பாக்கெட்டை எங்கே வைத்திருக்கிறார் என்று சொல்லாவிட்டால் கயல் கேட்கிறாள். போன வாரம் நான் காரணம் சொல்லாமல் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு சோபாவில் உட்கார்ந்திருந்தேன். இரண்டு பேரும் எதிரே வந்து நின்றார்கள். ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அப்புறம் ஒரே குரலில்:

"என்கிட்டயுமா மேடம்?"